பிரெஞ்சு வினைச்சொல்லும் தமிழ்ச் செவியும்

யாழ்ப்பாணத்து வடகரையிலே, வடமராட்சிப் பகுதியில் அமைந்த வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர் என்று பெயர் பெற்றது. பாய்மரக் கப்பலைக் கட்டுவதிலும் அதனைச் செலுத்துவதிலும் அவ்வூரார் அடைந்திருந்த தேர்ச்சிக்கு, அங்கே கட்டப்பெற்று 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர்த் துறையைச் சென்றடைந்த 'அன்னபூரணி' என்னும் கப்பல் ஒன்றே போதிய சான்றாகும். நாகப்பட்டினம் முதலிய எதிர்க்கரைத் துறைகளுக்கும், வங்கக் கடலைக் கடந்து பர்மாவுக்கும் அவர்களுடைய கப்பல்கள் போய் வந்தன. நாகப்பட்டினத்துக்கு வடக்கே இருபது கிலோமீற்றர் அளவிலே காரைக்கால் இருக்கின்றது. 1739ஆம் ஆண்டிலே பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அந்த ஊர், ஆங்கிலேயர் இடையிடையே பிடித்து வைத்திருந்த காலம் நீங்கலாக, 1954 நவம்பர் முதலாம் நாள்வரை அவர்களுடைய ஆட்சியிலேயே இருந்தது. அங்கே பள்ளிக்கூடத்திலே தமிழ்ப் பிள்ளைகள் பிரெஞ்சு வினைச்சொற்களை மனனம் செய்துகொண்டிருந்த காலத்திலே, இக்கரையில் வல்வெட்டித்துறைப் பிள்ளைகள் ஆங்கில வினைச்சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தனர். கடல் ஒன்றுதான், பாடப்புத்தகம் வேறு. பிரெஞ்சு மொழி அவ்வூராருக்குத் தேவைப்படவில்லை.

தேவை பிற்காலத்திலே வேறு வழியாக வந்தது. 1983ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதியிலிருந்து பெருந்தொகையானோர் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களிற் பலர் பிரான்சு நாட்டைச் சேர்ந்தார்கள். பாரிஸ் நகரத்தின் வடக்குப் புகையிரத நிலையத்துக்கு அண்மையிலே, லா ஷப்பல் என்னும் பகுதியில் தமிழ்க் கடைத்தெருவொன்று உருவாயிற்று. 1985ஆம் ஆண்டிலே அங்கு மாணிக்க விநாயகருக்கு ஆலயமும் ஏற்பட்டது. இன்று ஆவணி மாதத்தை ஒட்டி அவ்வீதிகளிலே தேர் ஓடுகின்றது, தேங்காய் உடைபடுகின்றது. கடையிலே மரக்கறி வாங்குவதற்கும் கோயிலிலே அருச்சனை செய்விப்பதற்கும் தமிழே போதும். ஆனால் கந்தோருக்கும், மருத்துவரிடத்துக்கும், பிள்ளையின் வகுப்பாசிரியரிடத்துக்கும் தமிழ் துணைக்கு வருவதில்லை.

வல்வெட்டித்துறையிலே வீடொன்றை நேயர்கள் மனக்கண்ணிற் காணலாம். அத்தகைய வீடுகள் அங்கே பல உண்டு. ஆகையால் இதனை எந்த ஒரு வீட்டுக்கும் உரித்தாக்க வேண்டியதில்லை. கணவன் பாரிஸிலே இருக்கின்றான். மனைவி அவனிடம் போவதற்குரிய பத்திரங்களை எதிர்பார்த்திருக்கின்றாள். மாலைப்பொழுதிலே விறாந்தை வாங்கில் இருந்துகொண்டு பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தை விரித்து உரத்துப் படிக்கின்றாள். இளமையிலே பாய்க்கப்பலிற் போய் வந்த பாட்டனார் சாய்மனைக் கதிரையிலே சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கின்றார்.

"ஜெ பார்ல், த்யு பார்ல், இல் பார்ல், நூ பார்லோன், வூ பார்லே, இல் பார்ல்."

"என்ன பிள்ளை, 'பார்ல்', 'பார்ல்' எண்டு ஒண்டையே நாலுதரம் சொல்லுறாய்?"

"இல்லை அப்பு, எழுத்திலை வேறை வேறை. காதுக்குத்தான் ஒண்டு."

கிழவனாரின் கேள்வி சாதாரணமானதன்று. ஒரு மொழியின் வினைச்சொல்லைப் பற்றி இலக்கண ஆசிரியன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தமிழ்ச் செவிக்கு இயல்பாகவே எழும் கேள்வியும் அதுவேயாகும்.

நன்னூலார் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புக்களைக் கூறினார். பேசினேன் என்னும் சொல்லிலே 'பேசு' என்பது பகுதி. 'இன்' என்பது இறந்தகாலம் காட்டும் இடைநிலை. 'ஏன்' என்பது தன்மை ஒருமை விகுதி. பேசினவர் யார் என்பதைச் சொல்லின் கடைசி உறுப்பே தெரிவித்துவிடுகின்றது. பேசினாய், பேசினான், பேசினாள், பேசினார், பேசினோம், பேசினீர்கள், பேசினார்கள் என்று கடைசி ஓசை மாறுந்தோறும் ஆள் மாறுகின்றார். ஆதலினாலே 'நான்' என்றும் 'அவள்' என்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய தேவை தமிழருக்கு இல்லை. "நேற்று வந்தாள், இன்று போய்விட்டாள்" என்று எழுவாய் இன்றியே பேசி முடிக்கலாம். இதனைத் தோன்றா எழுவாய் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிவர்.

பிரெஞ்சிலும் பகுதியும் விகுதியும் உண்டு. 'பார்லே' என்றால் பேசுதல். அதன் பகுதி 'பார்ல்'. நிகழ்காலத்திலே அதனோடு சேரும் விகுதிகளை எழுத்தெழுத்தாகச் சொல்வதானால், நான் என்பதற்கு ஈ. நீ என்பதற்கு ஈ-எஸ். அவன், அவள் என்பவற்றுக்கு மறுபடியும் ஈ. நாங்கள் என்பதற்கு ஓ-என்-எஸ். நீங்கள் என்பதற்கு ஈ-இசெட். அவர்கள் என்பதற்கு ஈ-என்-டி. ஆறிடத்திலே ஐந்து வெவ்வேறு விகுதிகள். கண்ணுக்கு இது தமிழைப் போலவே ஒழுங்காய்த் தோற்றுகின்றது. வாயைத் திறந்தவுடனே ஒழுங்கு மாறிவிடுகின்றது. ஈ ஒலிப்பதில்லை, ஈ-எஸ் ஒலிப்பதில்லை, மூன்றெழுத்துள்ள ஈ-என்-டியும் ஒலிப்பதில்லை. ஓ-என்-எஸ் என்பது மூக்கொலியுடன் 'ஓன்' என்றும், ஈ-இசெட் என்பது 'ஏ' என்றும் ஒலிக்கின்றன. ஆக, ஏட்டிலே ஐந்தாக இருப்பது செவியிலே மூன்றாகிவிடுகின்றது. நாங்களும் நீங்களும் மட்டுமே தெளிவாய்க் கேட்கின்றார்கள். நான், நீ, அவன், அவள், அவர்கள் எல்லாரும் ஒரே 'பார்ல்' என்னும் ஓசைக்குள் ஒடுங்கிவிடுகின்றார்கள். அப்பொழுது ஆளைச் சொல்வது எது? வினைக்கு முன்னே நிற்கும் ஜெ, த்யு, இல் என்னும் சிறுசொற்களே. தமிழிலே விகுதி சுமக்கும் பாரத்தைப் பிரெஞ்சிலே எழுவாய் சுமக்கின்றது.

இம்மொழி எக்காலமும் இப்படி இருந்ததன்று. பிரெஞ்சின் தாயாகிய இலத்தீன் மொழியிலே விகுதிகள் யாவும் ஒலித்தன. 'அமோ' என்றால் நேசிக்கிறேன். 'அமாஸ்' என்றால் நேசிக்கிறாய். 'அமாத்' என்றால் நேசிக்கிறான். அங்கே எழுவாய் தமிழிற் போலவே தோன்றாமல் நின்றது. இலத்தீனின் ஏனைய பிள்ளைகளாகிய இத்தாலியமும் ஸ்பானியமும் இன்றைக்கும் அவ்வழியிலேயே நடக்கின்றன. பிரெஞ்சு மட்டும், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, சொல்லின் இறுதியை விழுங்கத் தொடங்கிற்று. எழுதுவோர் பழைய எழுத்துக்களை விடாமற் காத்துக்கொண்டார்கள். பேசுவோர் அவற்றைக் கைவிட்டார்கள். கைவிட்ட இடத்தை நிரப்புவதற்கு எழுவாய் கட்டாயமாயிற்று. நமக்கு அயலிலேயே இதற்கொப்பான நிகழ்ச்சி ஒன்று உண்டு. மலையாளத்திலே 'வந்நு' என்னும் ஒரே சொல், நான் வந்தேன் என்பதற்கும் அவன் வந்தான் என்பதற்கும் அவர்கள் வந்தார்கள் என்பதற்கும் பொதுவாக நிற்கின்றது. தமிழோடு பிறந்த மொழியே விகுதியைக் களைந்துவிட்டதென்றால், இலத்தீனிலிருந்து பிறந்த மொழி அவ்வாறு செய்தது வியப்பாகாது.

இனி, கற்பிக்கும் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அச்சிட்ட வாய்பாட்டைக் கையிலே கொடுத்து, "இதைப் பாடமாக்கிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிடும் வழக்கம் வகுப்புக்கள் பலவற்றிலே காணப்படுகின்றது. மாணவி வீட்டிலே வந்து அவ்வாய்பாட்டைத் தமிழ் வினையோடு பொருத்திப் பார்க்கின்றாள். 'பேசுகிறேன்' என்பதற்கு நேராகப் 'பார்ல்' என்று எழுதிவைக்கின்றாள். அவளறியாமலே 'ஜெ' என்பது வேண்டாத சொல்லாகிவிடுகின்றது. தமிழிலே 'நான்' இல்லாமலே பேசலாம் அல்லவா? பின்னர் பாரிஸிலே அவள் வாய் திறக்கும்போது 'ஜெ' விழுந்துபோகின்றது. தவறு அவளுடைய சோம்பலால் வந்ததன்று. ஒப்புமைக்கு எடுத்துக்கொண்ட தமிழ்ச் சொல் பொருத்தமற்றதாய் இருந்தமையால் வந்தது.

பொருத்தமான தமிழ்ச் சொற்கள் வேறு உள்ளன. 'இல்லை' என்பதை எடுத்துக்கொள்க. நான் இல்லை, நீ இல்லை, அவன் இல்லை, அவள் இல்லை, அவர்கள் இல்லை. ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் 'இல்லை' என்பது ஒன்றே. எவரேனும் வாசலிலே வந்து நின்று "இல்லை" என்று மட்டும் சொன்னால், யார் இல்லை, எது இல்லை என்று கேட்கத்தான் வேண்டும். 'உண்டு' என்பதும் அத்தகையதே. 'செய்யும்' என்னும் வாய்பாட்டு முற்றும் ஓரளவு இவ்வினத்தைச் சேர்ந்தது. அவன் வரும், அவள் வரும், அது வரும் என்று பழைய வழக்கிலே பொதுவாய் நின்றது. தன்மைக்கும் முன்னிலைக்கும் பலர்பாலுக்கும் மட்டும் அது வராது. ஆகவே எழுவாயை நம்பி நிற்கும் வினை தமிழருக்குப் புதியதன்று. பிரெஞ்சு வினையை 'வந்தேன்' என்பதன் பக்கத்திலே வைத்துக் கற்பியாமல், 'இல்லை' என்பதன் பக்கத்திலே வைத்துக் கற்பித்தால், 'ஜெ' ஏன் விடப்படக்கூடாது என்பது முதல் நாளிலேயே விளங்கிவிடும்.

எழுவாயை விட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் கேட்கக்கூடும். பிரெஞ்சிலே எழுவாய் இல்லாமல் வினை நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றே, அது ஏவல். 'பார்ல்!' என்றால் 'பேசு!', 'பார்லே!' என்றால் 'பேசுங்கள்!'. இவ்விடத்திலே அம்மொழி தமிழை ஒத்துவிடுகின்றது. அதனாலேயே இடர் விளைகின்றது. 'நான் பிரெஞ்சு பேசுகிறேன்' என்று பணிவாகச் சொல்ல எண்ணிய ஒருவர், 'ஜெ' என்பதை விட்டு, 'பார்ல்' என்று தொடங்கினால், எதிரே இருக்கும் உத்தியோகத்தருக்கு அது 'பிரெஞ்சு பேசு!' என்று கேட்கும். அதுவும் 'நீ' என்று ஒருமையிலே இட்ட கட்டளையாகக் கேட்கும். 'அத்தாந்த்ர்' என்றொரு வினை உண்டு. காத்திருத்தல் என்பது பொருள். 'ஜத்தான்' என்றால் நான் காத்திருக்கிறேன். 'ஜெ' என்பதன் ஓசையை விட்டுவிட்டால் எஞ்சுவது 'அத்தான்'. அதன் பொருள் 'பொறு!' என்பதாகும். கணவனிடம் போகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல்லை மனத்தில் இருத்துவது எளிது. அதனைக் கந்தோரிலே தனியாகச் சொல்லாதிருக்கத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

மரியாதையைப் பற்றி யாழ்ப்பாணத்தாருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. நீ, நீர், நீங்கள் என மூன்று படிகளை அவர்கள் நாள்தோறும் வேறுபடுத்தி வழங்குகின்றார்கள். பிரெஞ்சுக்காரரிடம் த்யு, வூ என இரண்டு படிகளே உள்ளன. நடுவிலே நிற்கும் 'நீர்' என்பதற்கு அங்கே இடமில்லை; அறிமுகமில்லாதவர், அதிகாரி, ஆசிரியர், கடைக்காரர் யாவருக்கும் 'வூ' என்பதே உரியது. நல்லகாலமாக அந்த 'வூ' என்பதற்குரிய 'ஏ' என்னும் விகுதி செவிக்குத் தெளிவாய்க் கேட்கும் விகுதி. ஒலிக்காத விகுதிகளுக்கு நடுவே மரியாதை மட்டும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. தமிழ்ப் பெண்ணொருத்தி இதனை உடனே பற்றிக்கொள்வாள். 'வாங்கோ' என்று பழகிய நாவுக்கு இதில் வருத்தமில்லை.

'பார்லே' என்பது முதலாம் வகுப்பைச் சேர்ந்தது. ஈ-ஆர் என்னும் எழுத்துக்களால் முடியும் வினைகள் யாவும் இவ்வகுப்பைச் சேரும். பிரெஞ்சு வினைகளிலே பத்துக்கு ஒன்பது பங்கு இவையே. புதிதாய்ப் பிறக்கும் வினைகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. தொலைபேசி வந்தபோது 'தெலெஃபொனே' என்று ஒரு வினை பிறந்தது இவ்வாய்பாட்டிலேதான். போதல் என்று பொருள்படும் 'அலே' ஒன்றுதான் இக்கூட்டத்திலே நின்று பெரிதும் வழிதவறுவது. உண்ணுதல் என்னும் பொருளுடைய 'மான்ஜே' போன்ற சில, 'ஓன்' என்னும் விகுதிக்கு முன்னே ஓசை கெடாதிருப்பதற்காக ஓரெழுத்தை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு உயிர்களுக்கு நடுவே உடம்படுமெய்யை எழுதிப் பழகியவர்களுக்கு இது பெரிய காரியமன்று.

இரண்டாம் வகுப்பு ஐ-ஆர் என முடிவது. ஏறத்தாழ 300 வினைகள். முடித்தல் என்று பொருள்படும் 'ஃபினீர்' அதற்கு உதாரணம். ஜெ ஃபினி, த்யு ஃபினி, இல் ஃபினி என்று வந்து, பன்மையிலே நூ ஃபினிஸோன், வூ ஃபினிஸே, இல் ஃபினீஸ் என்று நடுவிலே ஒரு 'ஸ்' ஒலி தோன்றும். தமிழ்ச் சாரியையைப் போல அது பகுதிக்கும் விகுதிக்கும் இடையே வந்து நிற்கின்றது. இதனாலே 'அவன்' வேறு, 'அவர்கள்' வேறு என்பது செவிக்கே புலப்படுகின்றது. நிறத்தையும் குணத்தையும் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்த வினைகள் இவ்வகுப்பிலே மிகுதி. சிவத்தல், பருத்தல், முதிர்தல் போன்றவை இங்கே கிடைக்கும்.

மூன்றாவதாக ஆர்-ஈ என முடியும் சில வினைகளை ஆங்கிலத்தில் எழுதிய பாடப்புத்தகங்கள் ஒழுங்கான வினைகள் என்று கூறுகின்றன. விற்றல் என்னும் பொருளுடைய 'வாந்த்ர்' இதற்கு உதாரணம். பிரெஞ்சுக்காரரின் சொந்த இலக்கணமோ இவற்றை ஒழுங்கற்ற வினைகளோடு சேர்த்து மூன்றாம் வகுப்பு என்று தள்ளிவிடுகின்றது. யாழ்ப்பாணத்திலே ஆங்கிலப் புத்தகத்தின் வழியே படித்துவிட்டுப் பாரிஸிலே போய் வகுப்பிலே உட்காருகிறவர்கள் இந்த இடத்திலே தடுமாறுகின்றார்கள். ஆசிரியர் ஒன்று சொல்கின்றார். புத்தகம் வேறொன்று சொல்கின்றது. இரண்டும் பிழையன்று, கணக்கிடும் முறைதான் வேறு. 'இல் வான்' என்றால் அவன் விற்கிறான். 'இல் வாந்த்' என்றால் அவர்கள் விற்கிறார்கள். ஒருமையிலே ஒளிந்திருந்த 'த்' பன்மையிலே வெளிப்படுகின்றது. இந்த ஒலியைக் கூர்ந்து கேட்கப் பழகியவருக்கு, ஒழுங்கற்றவை என்று தள்ளப்பட்ட வினைகளிற் பல எளிதாகிவிடும்.

முதலாம் வகுப்பிலும் உயிரெழுத்தில் தொடங்கும் வினைகள் வந்தால் பன்மை செவிக்கு அகப்படும். நேசித்தல் என்பதற்கு 'ஏமே' என்பார்கள். 'இலேம்' என்றால் அவன் நேசிக்கிறான். 'இல்ஸேம்' என்றால் அவர்கள் நேசிக்கிறார்கள். தனியே ஒலிக்காத எஸ், உயிர் வந்தவுடனே புணர்ச்சியிலே உயிர்பெற்று ஒலிக்கின்றது. அந்த ஒலி தமிழ் 'ஸ்' அன்று. தொண்டை அதிர ஒலிப்பது. இந்த வேறுபாடு தமிழ்ச் செவிக்கு இயல்பாய் அமைவதன்று. அதற்குப் பயிற்சி வேண்டும்.

இவையெல்லாம் புலவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாதபடி, பிரான்சு நாட்டின் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கின்றது. 2024ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாளில் அங்கே நிறைவேறிய குடிவரவுச் சட்டம், மொழித் தேர்ச்சிக்குரிய படியை உயர்த்திற்று. ஐரோப்பிய நாடுகள் மொழியறிவை ஏ ஒன்று முதல் சீ இரண்டுவரை ஆறு படிகளாக வகுத்திருக்கின்றன. முன்னர், பல ஆண்டுக்குரிய வதிவிட அட்டையை முதன்முறை பெறுவதற்கு வகுப்புக்குச் சென்று வந்தமையைக் காட்டினால் போதுமாயிருந்தது. 2026 ஜனவரி முதலாம் நாள் தொடக்கம் அதற்கு ஏ இரண்டு என்னும் படியில் தேர்ச்சி வேண்டும். பத்தாண்டு அட்டைக்கு ஏ இரண்டாக இருந்தது பீ ஒன்றாகவும், குடியுரிமைக்குப் பீ ஒன்றாக இருந்தது பீ இரண்டாகவும் உயர்ந்துவிட்டன. கடைச் சமையலறையிலே பத்துமணி நேரம் நின்று உழைத்துவிட்டு வருகின்ற ஒருவருக்கு இது சிறிய ஏற்றமன்று. பேச்சிலே சமாளித்துவிடலாம், இருபது ஆண்டுகளாகச் சமாளித்து வந்தவர்களும் உளர். எழுத்திலே சமாளிக்க முடியாது. செவியிலே கேளாத ஈ-எஸ்ஸும் ஈ-என்-டியும் தாளிலே கட்டாயம் நிற்க வேண்டும்.

எழுத்துச் சோதனையிலே நடந்துபோன செய்தியொன்றைக் கடிதமாக எழுதும்படி கேட்பது வழக்கம். அங்கே இறந்தகாலம் வேண்டும்; அங்கேதான் பெரிய சிக்கலும் இருக்கின்றது. பேசினேன் என்பதற்கு 'ஜே பார்லே' என்பார்கள். 'ஆவ்வார்', அதாவது உடைத்தாயிருத்தல், என்னும் வினையைத் துணைக்கு நிறுத்தி, முதன்மை வினையின் இறுதியிலே தலையிற் சாய்கோடு தாங்கிய ஈயை எழுத வேண்டும். போதல், வருதல் போன்ற சிலவற்றுக்குத் துணைவினை வேறு. இந்தப் 'பார்லே'யும், பேசுதல் என்னும் வினைப்பெயராகிய 'பார்லே'யும், நீங்கள் பேசுகிறீர்கள் என்பதிலே வருகின்ற 'பார்லே'யும் ஓசையிலே ஒன்றே. பேசிக்கொண்டிருந்தேன் என்பதற்குரிய 'பார்லெ'யும் மிக நெருங்கிய ஓசை. எழுத்திலோ ஒன்று சாய்கோட்டு ஈ, ஒன்று ஈ-ஆர், ஒன்று ஈ-இசெட், ஒன்று ஏ-ஐ-எஸ். எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் பிரெஞ்சுப் பிள்ளைகளே பிழைவிடுகின்றார்கள். அங்குள்ள ஆசிரியர்கள் அதற்கு ஓர் உபாயம் கற்பிக்கின்றனர். ஐயம் தோன்றும் இடத்திலே 'வாந்த்ர்' போன்ற ஒரு வினையை மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். 'வாந்த்ர்' என்று பொருந்தினால் ஈ-ஆர், 'வாந்த்யு' என்று பொருந்தினால் சாய்கோட்டு ஈ.

வல்வெட்டித்துறைப் பெண்ணுக்கு இவ்வுபாயம் வேண்டியதில்லை. அவளிடம் இதனினும் கூரிய கருவி பிறப்பிலிருந்தே இருக்கின்றது. வாக்கியத்தைத் தமிழிலே ஒருமுறை சொல்லிப் பார்த்தாற் போதும். 'பேச' என்று வந்தால் ஈ-ஆர். 'பேசினேன்', 'பேசினாள்' என்று வந்தால் சாய்கோட்டு ஈ. 'பேசுகிறீர்கள்' என்று வந்தால் ஈ-இசெட். 'பேசிக்கொண்டிருந்தேன்' என்று வந்தால் ஏ-ஐ-எஸ். பிரெஞ்சுக் காதுக்கு ஒன்றாகக் கேட்கும் நான்கையும் தமிழ் நான்காகவே பிரித்துக் காட்டிவிடுகின்றது. 'இல் பார்ல்' என்பது ஒருமையா பன்மையா என்ற ஐயமும் அவ்வாறே தீரும். 'பேசுகிறான்' என்றால் ஈ, 'பேசுகிறார்கள்' என்றால் ஈ-என்-டி. பேசும்போது எந்தத் தமிழ் விகுதி 'ஜெ'யை விழுத்தி அவளை ஏமாற்றிற்றோ, எழுதும்போது அதே விகுதி வந்து கை கொடுக்கின்றது. தாய்மொழியை மறந்தால்தான் பிறமொழி வரும் என்று வற்புறுத்துகின்ற ஆசிரியர்கள் இந்த நன்மையைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுகின்றார்கள். பாரிஸிலே பிறந்து பிரெஞ்சைத் தங்குதடையின்றிப் பேசுகின்ற பிள்ளை வீட்டுப்பாடத்திலே இவ்வெழுத்தை விட்டுவிடுவதும், பேச்சிலே தடுமாறும் தாய் அதனைக் கண்டுபிடித்துத் திருத்துவதும் இவ்வாறே நிகழக்கூடும்.

எதிர்காலத்துக்கு அதிக வருத்தமில்லை. பேசுதல் என்னும் முழு வினைப்பெயரையும் அப்படியே நிறுத்தி, முன் சொன்ன 'ஆவ்வார்' என்பதன் நிகழ்கால ஈறுகளை அதனோடு ஒட்டிவிடுகின்றார்கள். 'ஜெ பார்ல்ரே' என்றால் பேசுவேன். 'பேச இருக்கிறேன்' என்று தமிழர் சொல்வதும் ஏறக்குறைய இதே கட்டுத்தான். தமிழிலே இரு சொல்லாய் நிற்பது அங்கே ஒரு சொல்லாய் இறுகிவிட்டது.

மறுகரையிலிருந்து பார்த்தால் துன்பம் யாருடையது பெரிது என்பது சொல்வதற்கு அரிது. புதுச்சேரியிலே இருந்த பிரெஞ்சுப் பாதிரிமாராகிய மூசே, துய்ப்புயி என்னும் இருவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855ஆம் ஆண்டிலும் 1862ஆம் ஆண்டிலும் இரு பாகங்களாய் வெளிவந்தது. இளமையைக் காரைக்காலிலே கழித்து, பின்னர்ப் பாரிஸின் கீழைமொழிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்த ஜூலியன் வின்சோன் 1903ஆம் ஆண்டிலே தமிழ்மொழிக் கைந்நூல் ஒன்றை எழுதினார். அத்தகையோர் பேசினேன், நடந்தேன், உண்டேன், கற்றேன், போனேன் என்று இறந்தகாலம் ஒவ்வொரு வினையிலும் ஒவ்வொரு கோலம் கொள்வதைக் கண்டு எவ்வளவு இடர்ப்பட்டிருப்பார்கள் என்பதைத் தமிழர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒழுங்கான பிரெஞ்சு வினைகள் இதனோடு ஒப்பிடும்போது பெரிதும் சாதுவானவை.

விறாந்தையிலே விளக்கு ஏற்றியாயிற்று. பெண் கொப்பியை எடுத்து ஆறு வரிகளை எழுதுகின்றாள். ஆறாவது வரியின் கடைசியிலே மூன்றெழுத்துக்களை எழுதிவிட்டு, பாட்டனாரிடம் காட்டுகின்றாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்க்கின்றார்.

"இந்த மூண்டையும் வாசிக்கிறேல்லையோ?"

"வாசிக்கிறேல்லை அப்பு. எழுதாட்டித்தான் புள்ளியைக் குறைப்பினம்."

"சரி, அப்ப எழுது" என்று கொப்பியைத் திருப்பிக் கொடுக்கின்றார். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டி, 'ஃபினீர்' என்று தலைப்பிடுகின்றாள்.